குளத்தில் பூஜ்யம், கடலில் இரண்டு கிலோ: முக்குளிக்க ஈயம் அளந்த கதை

இடுப்பில் நான்கு கிலோ ஈயத்தைக் கட்டிக்கொண்டு முதல் தடவை மூச்சடக்கி இறங்கியபோது, இத்தனை நாள் ஏன் இப்படிச் செய்யாமல் விட்டோம் என்றுதான் தோன்றியது. தரங்கம்பாடிக்கு வடக்கே, கரையிலிருந்து பைபர் போட்டில் கால் மணி நேரம், ஐந்து பாகத் தண்ணீர். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், கிட்டத்தட்ட ஆறடி. ஆக ஒன்பது மீட்டர். அதுவரை அந்த ஆழத்துக்குப் போவதற்குள் கால் அடித்து அடித்துப் பாதி மூச்சு தீர்ந்துவிடும். அன்றைக்கு நாலு உதையில் போய்ச் சேர்ந்தேன். தரையில் மண்ணைத் தொட்டேன், ஒரு சிப்பி ஓட்டை எடுத்தேன், திரும்பினேன்.

ஏறும்போதுதான் தெரிந்தது. உதைக்கிறேன், உதைக்கிறேன், மேலே வெளிச்சம் கிட்ட வரவே மாட்டேன் என்கிறது. ஒருவழியாகத் தலை வெளியே வந்ததும், எல்லோரும் செய்கிற மாதிரி, அடக்கி வைத்திருந்த மூச்சை ஒரேயடியாக வெளியே விட்டேன். விட்ட அந்த நொடியே மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டேன். அடுத்த மூச்சை இழுக்க வாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்த கூட்டாளி கையைப் பிடித்து, மிதவையாக வைத்திருந்த டியூபின் மேல் இழுத்துப் போட்டான். மொத்தமே நாலைந்து விநாடிதான் இருக்கும். ஆனால் எனக்கு நினைவு இருந்ததால்தான் கையை நீட்ட முடிந்தது. நினைவு தப்பியிருந்தால் அந்த நான்கு கிலோ என்னை எங்கே கொண்டு போயிருக்கும் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

அந்தப் பெல்ட் என்னுடையது இல்லை. என்னைவிடப் பெரிய உடம்புக்காரரிடம் இரவல் வாங்கியது. அவருக்கு அது சரியாக இருந்திருக்கலாம், எனக்கு இல்லை. எனக்கு எவ்வளவு என்று அளந்து பார்த்துவிட வேண்டும், அதற்குத் தகுந்த பெல்ட்டை நானே செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன். பிப்ரவரியில் தொடங்கி மே வரைக்கும் ஆனது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. நான் 68 கிலோ. பெரிய தொப்பை இல்லை. தண்ணீரில் நம் உடம்பு எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவு தண்ணீரின் எடை நம்மை மேலே தூக்கும், இது பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ்தான். உடம்பின் மற்ற பாகம் எல்லாம் அநேகமாக மாறாது, நுரையீரல்தான் மாறும். முழு மூச்சு இழுத்தால் ஆறு லிட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம், சாதாரணமாக மூச்சை விட்டபிறகு இரண்டரை லிட்டர் மிஞ்சும். நடுவில் இருக்கிற மூன்றரை லிட்டர் என்பது மூன்றரை கிலோ தூக்கும் சக்தி. முழு மூச்சோடு ஜம்மென்று மிதக்கிற ஆள் மூச்சை விட்டதும் முழுகுவது இதனால்தான். எனக்கு நடந்ததும் இதேதான். வாங்கி வைத்த மூச்சோடு மேலே வந்தேன், மிதந்தேன். விட்டேன், மூழ்கினேன்.

ஆழத்துக்குப் போகப் போக இதே காற்று சுருங்குகிறது. மேலே ஒரு மடங்கு அழுத்தம், 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. ஆறு லிட்டர் காற்று 10 மீட்டரில் மூன்று லிட்டர், 20 மீட்டரில் இரண்டு லிட்டர். வெட்சூட் என்கிற முக்குளிப்பு ரப்பர்ச் சட்டை போட்டிருந்தால் அந்த ரப்பருக்குள் இருக்கிற காற்றுக் குமிழிகளும் அதேபோலச் சப்பிப்போகும். அதனால் மேலே மிதக்கிற அதே ஆள் ஏதோ ஓர் ஆழத்தில் மிதக்கவும் மாட்டார், மூழ்கவும் மாட்டார். அதற்குக் கீழே போனால் தானாக இறங்க ஆரம்பித்துவிடுவார். ஈயத்தைக் கூட்டக் கூட்ட அந்த நடுநிலை ஆழம் மேலே ஏறி வரும். நான்கு கிலோவோடு எனக்கு அது ஐந்து மீட்டருக்கும் மேலே வந்துவிட்டிருந்தது. அதாவது ஒன்பது மீட்டரிலிருந்து ஏறும்போது ஏறக்குறைய பாதித் தூரம் வரும்வரை நானேதான் ஈயத்தைச் சுமந்துகொண்டு ஏற வேண்டியிருந்தது.

இதில் எனக்குப் பயமூட்டியது வேறொன்று. மூச்சடக்கி முக்குளிப்பவர்கள் நினைவு தப்புவது பெரும்பாலும் அடியில் இல்லை. கடைசிப் பத்து மீட்டரில், அல்லது தலை வெளியே வந்தபிறகு. அடியில் இருக்கும்போது அழுத்தத்தால் மிச்சமிருக்கிற ஆக்சிஜன் ரத்தத்துக்குள் தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும். பத்து மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் அழுத்தம் பாதியாகிவிடுவதால் அந்த ஆக்சிஜனின் தள்ளுதலும் சட்டென்று பாதியாகிறது. மேலே வந்து விட்ட மூச்சுக்கும் அடுத்து இழுத்த மூச்சு மூளைக்குப் போய்ச் சேருவதற்கும் நடுவிலும் சில விநாடி ஆகும். ஆக, கால் உதைக்க ஆளில்லாமல் போகக்கூடிய அந்தக் கடைசிப் பத்து மீட்டரில், தண்ணீரே நம்மை மேலே தூக்கிக்கொண்டு போய் மிதக்கவிட வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எத்தனை கிலோ என்ற கேள்வியே மாறிவிடுகிறது. சுலபமாக இறங்குவதற்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்கக் கூடாது. மூச்சை விட்டுவிட்டு, கைகால் ஆட்டாமல், நினைவில்லாத ஆள் மாதிரி கிடந்தாலும் மேலேயே கிடப்பேனா, பத்து மீட்டரில் அசையாமல் நின்றால் கீழே போகாமல் இருப்பேனா, இந்த இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வருகிற எடைதான் என்னுடைய உச்சவரம்பு.

சரி, அளப்பதற்கு ஈயம் வேண்டுமே.

கடையில் முக்குளிப்புக்கென்றே ஒரு கிலோ, இரண்டு கிலோ வில்லையாகக் கிடைக்கிறது. எனக்கு அரை அரைக் கிலோவாக வேண்டியிருந்தது, ஏனென்றால் என் கணக்கில் எல்லாமே ஒன்றரைக்கும் மூன்றுக்கும் நடுவில் வந்து நின்றது. வலைக்குப் போடுகிற ஈயக்குண்டு நாகப்பட்டினத்தில் வலைக்கடைகளில் கிலோக் கணக்கில் கிடைக்கும். முதலில் அதையே பைக்குள் போட்டுத் தைத்துவிடலாம் என்று பார்த்தேன். அதுவே போதும் என்றுதான் இப்போதும் சொல்வேன். நான் வம்படியாக உருக்கப் போனேன். வீல் பேலன்ஸிங் செய்கிற கடையில் கழற்றிப் போட்ட பழைய ஈயத்துண்டு மூன்று கிலோவும், பழைய இரும்புக் கடையில் இன்னும் கொஞ்சமும் வாங்கினேன். அந்தச் சக்கரத் துண்டுகளில் இரும்பும் துத்தநாகமும் கலந்து கிடக்கும். ஈயம் என்றால் நகத்தால் கீறினாலே கோடு விழும், கீறல் விழாததை எல்லாம் ஒதுக்கிவிட வேண்டும். பழைய பேட்டரி ஈயத்தைத் தொடாதீர்கள், அதில் அமிலமும் மற்ற விஷமும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அச்சுக்கு வெல்டிங் கடையில் இரும்புத் தகட்டில் ஒரு சின்னப் பெட்டி அடித்து வாங்கினேன். உள்ளளவு ஐந்து சென்டிமீட்டருக்கு ஐந்து, உயரம் ஒன்றே முக்கால். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், அதனால் அந்தப் பெட்டி நிறைந்தால் அரைக் கிலோவுக்கு ஐந்தாறு கிராம்தான் குறையும். கொல்லையில் மூன்று கல்லை வைத்து விறகு மூட்டி, இதற்கென்றே வாங்கிய பழைய இரும்புச் சட்டியில் உருக்கினேன். அந்தச் சட்டி திரும்ப அடுப்பங்கரைக்குள் போகவே கூடாது. 327 டிகிரியில் ஈயம் உருகிவிடும், விறகு அடுப்பே தாராளம். காற்று வருகிற பக்கம் நின்றுகொண்டு, தோல் கையுறை, கண்ணாடி, முழுக்கால் சட்டை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டுதான் செய்தேன்.

இரண்டு வில்லை நன்றாக வந்தது. மூன்றாவதுக்கு, அச்சு சீக்கிரம் ஆறட்டும் என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஊற்றினேன். கண்ணுக்குத் தெரியாத ஈரம் ஏதோ ஒரு மூலையில் இருந்திருக்கிறது. ஊற்றிய மாத்திரத்தில் டப்பென்று வெடித்து ஈயம் தெறித்தது. கண்ணாடியில் ஒரு துளி, ஷூவின் மேல் இரண்டு மூன்று துளி. கண்ணாடி இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உருகின ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் மாட்டினால் அது அப்படியே ஆவியாகி விரிந்து மேலே இருக்கிற ஈயத்தைத் தூக்கி அடிக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அச்சைத் தணலில் வைத்துச் சுட்டு, ஆறும்வரை பொறுத்திருந்துதான் ஊற்றினேன். எட்டு வில்லை வந்தது. ஓரத்தை அரத்தால் மழித்து, பெயிண்ட் இரண்டு கை அடித்தேன். ஈயத்தை வெறும் கையில் தொட்டால் சோறு சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையே வேண்டாம், வலைக்கடைக் குண்டையே வாங்குங்கள்.

பெல்ட்டுக்கு டிராக்டர் டியூப். நைலான் பட்டை ஏன் ஆகாது என்றால், தலைகீழாக இறங்கும்போது வயிறு ஒட்டிப்போகும், பட்டை தளர்ந்து விலா வரைக்கும் வழுக்கி வந்துவிடும். ரப்பர் இழுபட்டே இருப்பதால் உடம்பு சுருங்கினாலும் கூடவே சுருங்கும். பழைய டியூபில் ஒட்டுப் போடாத பாகமாகப் பார்த்து, ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு, கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து அறுத்தேன். நீளம் இடுப்பெலும்புச் சுற்றளவைவிட ஒரு சாண் குறைவு. முதலில் வெட்டிய பட்டையில் ஓரம் ஓரிடத்தில் பிசிறி ஒரு சின்ன வெட்டு விழுந்திருந்தது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் கட்டி இழுக்கும்போது அந்த இடத்திலேயே சரக்கென்று கிழிந்தது. ஓரம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும், பிசிறு தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டுங்கள். கொக்கி மட்டும் துருப்பிடிக்காத எஃகில், ஒரே இழுப்பில் கழல்கிற மாதிரி, இணையத்தில் வாங்கினேன். அதில் மட்டும் கைவேலை வேண்டாம்.

வில்லைகளுக்குத் தார்ப்பாய்த் துணியில் உறை வேண்டும். பேருந்து நிலையத்தில் செருப்புத் தைக்கிற பெரியவரிடம் கொண்டுபோனேன். என்ன ஏது என்று கேட்டார், சொன்னேன். "அவுக்குறப்ப மாட்டாம இருக்கணுமில்ல, அப்ப நூல உள்பக்கம் வச்சுத் தைக்கிறேன்" என்று அவரே சொல்லி, நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். பெல்ட் உறைக்குள் நுழைந்து போகும், வில்லை பெல்ட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், பக்கவாட்டில் நகர்த்திக்கொள்ளலாம். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, முதுகெலும்பின் மேல் ஒன்றும் வரக் கூடாது. கட்டுவது இடுப்பெலும்பின் மேல், வயிற்றில் இல்லை, வயிறு மூச்சுக்கு விரிய வேண்டிய இடம்.

இனி அளந்தது.

முதல் அளவு ஊர்க் குளத்தில். மாசியில் எங்கள் குளத்தில் இன்னும் ஆளுயரத்துக்கு மேல் தண்ணீர் இருக்கும், சித்திரைக்குள் வற்றிவிடும். படித்துறையில் கூட்டாளியை நிறுத்திக்கொண்டு, வெறும் உடம்போடு, ஈயமே இல்லாமல் இறங்கினேன். முழு மூச்சோடு நெட்டுக்குத்தாக அசையாமல் நின்றால் கண் வரைக்கும் தலை வெளியே இருந்தது. மூச்சைச் சாதாரணமாக விட்டேன், முழுக்க ஊதித் தள்ளவில்லை, பெருமூச்சு விடுகிற மாதிரி விட்டேன். மெதுவாக உள்ளே போனேன், கால் சேற்றில் பட்டது. அதாவது நல்ல தண்ணீரில் எனக்கு ஈயமே கூடாது. இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் குளத்திலும் ஆற்றிலும் முக்குளிக்கிற பிள்ளைகள் இடுப்பில் கல்லைக் கட்டிக்கொள்கிறார்கள், பார்த்தால் தயவுசெய்து தடுங்கள்.

பிறகு இரண்டு மில்லிமீட்டர் வெட்சூட் போட்டுக்கொண்டு இறங்கினேன். நம் கடலில் குளிருக்காக இது வேண்டாம், சொறி என்கிற ஜெல்லி மீனுக்காகத்தான். சொறி பட்டால் ஒரு வாரம் எரியும். வெட்சூட்டோடு, ஈயமில்லாமல், மூச்சை விட்டபிறகும் மூக்கு தண்ணீருக்கு மேலேயே நின்றது. இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் அப்படியே கிடந்து பார்த்தேன், கீழே போகவில்லை.

அந்தச் சட்டைக்கு மட்டும் எவ்வளவு தூக்கும் சக்தி என்று தனியாகவும் அளந்தேன். ஒரு வலைப்பையில் சட்டையைப் போட்டு, குளத்தில் நன்றாகக் கசக்கி உள்ளே மாட்டிய காற்றை எல்லாம் வெளியேற்றிவிட்டு, ஒவ்வொரு வில்லையாக உள்ளே போட்டேன். மூன்றுக்கு மிதந்தது, நான்குக்குத் தயங்கித் தயங்கி நின்றது, ஐந்துக்கு மூழ்கியது. அப்படியென்றால் அந்தச் சட்டை சுமார் இரண்டு கிலோ ஈயத்தைத் தாங்குகிறது. இது புதிதாக இருக்கும்போது. நாள்படச் சட்டை சப்பிப்போகும், அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது இந்த வலைப்பைச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பழைய சட்டையோடு பழைய எடையைக் கட்டுவது தெரியாமலேயே ஈயத்தைக் கூட்டுவதற்குச் சமம்.

இப்போது கடல். கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட லிட்டருக்கு ஏறக்குறைய 25 கிராம் கனம். சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் நாம் அடைக்கிற இடம் 70 லிட்டர். எழுபதை இருபத்தைந்தால் பெருக்கினால் 1750 கிராம். குளத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒன்றே முக்கால் கிலோ! அதைச் சரிக்கட்ட எவ்வளவு ஈயம் வேண்டும் என்றால், ஈயமும் தண்ணீரில் கொஞ்சம் எடை இழக்கும். மீன் நிறுக்கிற கொக்கித் தராசில் கட்டி, கடல் தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் தொங்கவிட்டுப் பார்த்தேன். இரண்டு கிலோ ஈயம் உள்ளே 1 கிலோ 820 காட்டியது. அதே இரண்டு கிலோ இரும்பு நட்டு 1 கிலோ 740. ஆற்று மணல் மூட்டை என்றால் ஒன்றேகால் கிலோகூட வராது. ஈயத்தைத் தேடி அலைவது இதற்காகத்தான், இடம் குறைவு, இழப்பும் குறைவு. ஆக ஒன்றே முக்கால் கிலோவுக்கு ஈடு செய்ய இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான ஈயம். கணக்கு சரியாக இருந்தால், குளத்தில் வெட்சூட்டோடு ஈயமில்லாமல் எப்படி மிதந்தேனோ, கடலில் அதே வெட்சூட்டோடு இரண்டு கிலோ கட்டிக்கொண்டால் அப்படியே மிதக்க வேண்டும்.

இதைச் சோதிக்க ஏப்ரல் கடைசி வரை காத்திருந்தேன். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஆற்றுக் கலங்கல் அடங்க மாசி ஆகிவிடும், அதற்குப் பிறகு காற்றில்லாத காலை நேரங்களில்தான் எங்கள் பக்கம் தண்ணீர் தெளியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம் என்பதால் நடுக்கடலில் இழுவலைப் பயமும் இல்லை. லாரி டியூபுக்கு வலை கட்டி, சிவப்புக் கொடி நட்டு, அதிலிருந்து கயிறு, கயிற்றின் அடியில் ஐந்து கிலோ கல், ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு துணி முடிச்சு. படகுக்கார அண்ணன் இந்த முடிச்சுகளைப் பார்த்துவிட்டு, "எஞ்சின் விசிறில வலை சுத்திக்கிச்சுன்னா நாங்களும்தான் இறங்குறோம் தம்பி. கனமெல்லாம் கட்டுறதில்ல, நங்கூரக் கயித்தப் புடிச்சு இழுத்துக்கிட்டே போயிருவோம்" என்றார். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. முதல் ஐந்து மீட்டர் இறங்கக் கஷ்டமாக இருக்கிறது என்பதற்காகத்தானே ஈயத்தைக் கூட்டுகிறோம். அந்த ஐந்து மீட்டருக்குக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் போதுமே. அன்றிலிருந்து அப்படித்தான் இறங்குகிறேன்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களும் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கயிற்றில் கட்டிய கனமான கல்லில் காலை வைத்துக்கொண்டு சர்ரென்று இறங்குவார்கள், தரை தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள், மேலே படகில் இருப்பவர் கல்லைத் தனியாக இழுத்துக்கொள்வார். இறங்குவதற்குக் கனம் உண்டு, ஏறுவதற்கு இல்லை. பெல்ட்டில் கட்டுகிற நமக்கு அந்த வசதி கிடையாது, இறக்கிய அதே எடையைச் சுமந்துகொண்டுதான் ஏற வேண்டும்.

ஏழு பாகத் தண்ணீரில் டியூபை நிறுத்தினோம். முதலில் மூன்று கிலோ கட்டினேன். மூச்சை விட்டதும் மூக்கு, கண், நெற்றி என்று மெதுவாக மூழ்கியது. கூட்டாளி கையைப் பிடித்துத் தூக்கினான். கயிற்றைப் பிடித்துப் பத்து மீட்டர் போய்க் கையை விட்டேன், முடிச்சுகள் ஒவ்வொன்றாக மேலே போக ஆரம்பித்தன, அதாவது நான் இறங்கிக்கொண்டிருந்தேன். இரண்டரை கிலோ. மூச்சை விட்டால் உச்சந்தலை தண்ணீர் மட்டத்திலேயே நின்றது, அலை வந்தால் உள்ளே, போனால் வெளியே. பத்து மீட்டரில் மெல்ல இறங்கினேன். இரண்டு கிலோ. மூச்சை விட்டேன். அண்ணாந்தால் மூக்கும் வாயும் வெளியே. குளத்தில் பார்த்த அதே மட்டம்! கூட்டாளி தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். பத்து மீட்டரில் கையை விட்டால், கண்ணுக்கு நேராக இருந்த முடிச்சு கண்ணுக்கு நேராகவே நின்றது. ஐந்து மீட்டரில் விட்டால் ஏதோ கை வைத்துத் தூக்குகிற மாதிரி மேலே வந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வாளியும் தராசும் வைத்துப் போட்ட கணக்கை உடம்பே சரி என்று சொன்ன மாதிரி இருந்தது.

வெட்சூட்டைக் கழற்றிவிட்டு வெறும் பனியனோடும் பார்த்தேன். அரைக் கிலோ கட்டினாலே மூச்சை விட்டதும் முழுகுகிறேன். ஆகவே சட்டை இல்லாத நாளில் பூஜ்யம், அவ்வளவுதான், பேரமே கிடையாது.

கூட்டாளியும் என் எடைதான், 68. உயரமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் அவனுக்கு அதே சோதனையில் மூன்று கிலோ வந்தது. கொழுப்பு தண்ணீரில் மிதக்கும், எலும்பும் தசையும் மூழ்கும், அவனுக்கு இரண்டின் கலவை வேறு. உடம்பு எடையில் இத்தனை சதவீதம் ஈயம் என்று ஒரு கணக்குச் சொல்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அது எங்கள் இருவரில் ஒருவருக்காவது தப்பாகத்தான் இருக்கும். அளவு வேண்டுமென்றால் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

மழைக்காலத்துக்குப் பிறகு ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் கடலில் உப்பு குறைந்திருக்கும், அதனால் எடை மாற்ற வேண்டாமா என்று யோசித்தேன். முகத்துவாரத்தைவிட்டுத் தள்ளிப் போய்விட்டால் வித்தியாசம் கால் கிலோ அளவுக்குத்தான் வருகிறது. ஆனால் அந்தக் கால் கிலோ எனக்கு எதிரான பக்கம் என்பதால், தை மாதத்தில் இறங்கினால் ஒரு வில்லையைக் குறைத்துக்கொள்வேன். கொள்ளிடத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறதென்று தெரியாது, மேலே அமைதியாகத் தெரிகிற இடத்திலும் அடியில் இழுக்கும்.

ஈயத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. பூம்புகாருக்கு எதிரே சுமார் 19 மீட்டர் ஆழத்தில் ஒரு கப்பலின் சிதிலம் கிடக்கிறது. தேசிய கடலியல் நிறுவனத்தின் முக்குளிப்பாளர்கள் அதிலிருந்து ஈயக் கட்டிகளை எடுத்தார்கள், 1791, 1792 என்று ஆண்டு பொறித்தவை. நான் கொல்லையில் உருக்கிய அதே உலோகம் இருநூறு வருடமாக என் கடலின் அடியில் கிடந்திருக்கிறது என்பதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. அந்த ஆழத்துக்கு நான் இன்னும் போனதில்லை, போனாலும் எதையும் தொட மாட்டேன்.

பெல்ட்டைக் கழற்றிப் பழகுவதை மட்டும் ஒவ்வொரு நாளும் செய்கிறேன். டியூபுக்குப் பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு, வலது கையால் ஒரே இழுப்பு. பட்டையின் முனையை உள்ளே சொருகுவதில்லை, கூட்டாளியும் தன் பெல்ட்டை அதே பக்கம் அதே மாதிரிதான் கட்ட வேண்டும், ஏனென்றால் என்னுடையதை அவன் அவிழ்க்க வேண்டிய நாள் வரலாம். கீழே போய்விடுமே என்று பெல்ட்டில் கயிறு கட்டி வைப்பவர்கள் உண்டு, செய்யாதீர்கள். போனால் போகட்டும், சில நூறு ரூபாய் ஈயம். நாங்கள் இருவரும் ஒருபோதும் ஒன்றாக இறங்குவதில்லை. ஒருவர் உள்ளே என்றால் ஒருவர் மேலே, வந்தவர் வெளியே வந்தபிறகு அரை நிமிடம் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. மேலே வந்ததும் மூச்சை ஒரேயடியாக விடும் பழக்கத்தையும் மாற்றிவிட்டேன், கொஞ்சமாக விட்டு உடனே ஆழமாக இழுக்கிறேன், நெஞ்சில் காற்று இருந்துகொண்டே இருக்கும். இறங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்குவதையும் அடியோடு விட்டாயிற்று. அது ஆக்சிஜனைப் பெரிதாகக் கூட்டுவதில்லை, மூச்சு முட்டுகிற எச்சரிக்கையைத்தான் அழிக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏழு பாகம். இரண்டு கிலோ, கயிற்றைப் பிடித்து இறங்கினேன், தரையில் களிமண்ணும் உடைந்த சிப்பியுமாக இருந்தது. ஏறும்போது ஐந்தாவது முடிச்சைத் தாண்டியதும் கால் அடிப்பதை நிறுத்திவிட்டேன், தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தது. வெளியே வந்து, வேண்டுமென்றே மூச்சை விட்டுப் பார்த்தேன். முகம் மேலேயே இருந்தது. கூட்டாளி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே முப்பது எண்ணி முடித்தான். பிறகு டியூபைப் பிடித்துக்கொண்டு அவன் பெல்ட்டில் ஆறு வில்லை இருக்கிறதா என்று நான் தடவி எண்ணினேன், அவன் மூச்சைத் தயார்ப்படுத்த ஆரம்பித்தான்.